பலகை விளையாட்டுக்காரர்களுக்கு மின்நூலும் டேப்லெட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டு ஆசாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பொழுதோட பவானி ஜமக்காளத்தை விரித்துவிட்டால் விளையாட்டு தொடங்கிவிடும். ஒரு மூலையில் தாயம், இன்னொரு மூலையில் சதுரங்கம், நடுவில் கட்டான், கார்கசோன் மாதிரி புதிய போர்டு கேம் ஏதாவது ஒன்று. சத்தியமங்கலம், பெருந்துறை, திருப்பூர் என்று பல ஊர்களிலிருந்து உறவுகளும் நண்பர்களும் வருவார்கள். ஜமக்காளத்தின் ஓரத்தில் நான் சாய்த்து வைத்திருக்கும் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பலகையும் காயும் கையில் இருக்கும்போது டேப்லெட் எதற்குங்க?

விளையாட அல்ல, படிக்க. புதிய போர்டு கேம் எதை எடுத்தாலும் அதனுடன் ஒரு விதிப்புத்தகம் வரும். சிலவற்றில் 4 பக்கம், சிலவற்றில் 40 பக்கம். ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சந்தேகம் வந்தால், அந்தப் புத்தகத்தைப் புரட்டித் தேடுவதற்குள் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். அதே புத்தகம் டேப்லெட்டில் இருந்தால், தேடும் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டியதும் பக்கம் வந்து நிற்கும்.

அப்புறம், எழுத்தைப் பெரிதாக்கலாம். 70 வயது அப்பாருவும் 10 வயதுப் பேத்தியும் ஒரே பக்கத்தைப் பார்த்து ஒரே விதிக்கு வாதாடுவது எங்கள் வீட்டில் டேப்லெட் வந்த பிறகுதான் நடந்தது. அதுவரைக்கும் கண்ணாடி யாரிடம் இருந்ததோ அவர் சொன்னதுதான் விதி.

எந்த அளவுத் திரை வாங்குவது?

இதில்தான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். அதனால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதிப்புத்தகங்கள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகத்தான் கிடைக்கும். அச்சிட்ட பக்கம் அப்படியே படமெடுத்த மாதிரி இருக்கும். திரைக்குத் தகுந்தபடி வரிகள் மடங்காது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 10.1 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 13.6 சென்டிமீட்டர்தான். அதாவது பக்கம் முக்கால் அளவுகூட இல்லாமல், மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். 11 அங்குல ஐபேட் மாதிரி கொஞ்சம் அகலமான திரையில் முக்கால் பங்கு தெரியும். 6.8 அங்குல கிண்டில் என்ற மின்நூல் கருவியில் சரிபாதி. செல்போனில் மூன்றில் ஒரு பங்கு.

பாதியாகச் சுருங்கிய எழுத்தை யாராலும் சிரமமில்லாமல் படிக்க முடியாது. விரலால் பெரிதாக்கி, இழுத்து, திரும்பச் சுருக்கிப் படிக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு அச்சுப் புத்தகமே தேவலை. அதனால் 10 அங்குலத்துக்குக் குறைவாக வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பக்கத்தில் இரண்டு பத்தி இருந்தால் டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்பிப் பாதிப் பாதியாகப் படித்துப் பாருங்கள், எழுத்து ஏறத்தாழ அச்சு அளவுக்கே வந்துவிடும்.

வீட்டில் கிண்டில் இருக்கிறது. அது போதாதா?

என்ன படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிண்டிலின் மின்மைத் (இ-இங்க்) திரை கண்ணை உறுத்தாது, வெயிலில் களத்துமேட்டில் உட்கார்ந்தும் படிக்கலாம், பக்கம் மாறும்போது மட்டும்தான் திரை மின்சாரம் எடுக்கும் என்பதால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். சதுரங்க வரலாறு, விளையாட்டைப் பற்றிய கட்டுரைகள் என்று எழுத்தாகவே ஓடுகிற நூல்களுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஆனால் போர்டு கேம் விதிப்புத்தகத்துக்கு அது ஒத்துவராது. திரை சிறியது என்பது ஒரு காரணம். இன்னொன்று நிறம். கட்டானில் செங்கல், மரம், கம்பளி, தானியம், தாது என்று ஐந்து பொருளையும் நிறத்தை வைத்துத்தான் சட்டென்று பிரித்தறிகிறோம். வழக்கமான கிண்டிலின் கறுப்பு வெள்ளைத் திரையில் அந்தப் படங்கள் எல்லாம் ஒரே சாம்பல். யார் வீதி, யார் வீடு என்றே தெரியாது.

பிடிஎஃப், இபப் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பிடிஎஃப் என்பது பூட்டிய பக்கம். இபப் என்பது தண்ணீர் மாதிரி, எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்த வடிவம் எடுக்கும். படம் நிறைந்த விதிகளுக்குப் பிடிஎஃப், எழுத்து நிறைந்த நூல்களுக்கு இபப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிலுக்கு இபப் அனுப்ப முடியாமல் ஒரு காலம் இருந்தது; 2022இலிருந்து ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்பலாம்.

விதிப்புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

முதலில் விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். அநேகமாக எல்லோரும் விதிகளை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன்பே விதியைப் படித்துவிடுவது நல்ல பழக்கம். பெட்டிப் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியதில் எங்கள் வீட்டுப் பரண்மேல் இரண்டு விளையாட்டு தூங்குகிறது. இரண்டிலும் விதியை முன்னாடியே படித்திருந்தால் எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஆகாது என்று 10 நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்தது, 2000ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் போர்டு கேம் கீக் தளம். ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் ‘கோப்புகள்’ பகுதி இருக்கும். அங்கே விளையாட்டுக்காரர்களே எழுதிய ஒரு பக்கச் சுருக்கங்கள், மதிப்பெண் தாள்கள், சந்தேகங்களுக்கான விடைகள் கிடைக்கும். தமிழில் சுருக்கம் வேண்டுமென்றால் பெரும்பாலும் நாமேதான் எழுத வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். கார்கசோனுக்கு நான் தமிழில் எழுதிய சுருக்கம் ஒன்றரைப் பக்கம். ‘மடம்’, ‘வயல்’, ‘கோட்டை’ என்று எழுதிக் கொடுத்த பிறகு எங்கள் ஆத்தா யாரையும் கேட்காமல் ஆட்டத்தின் ஓடுகளை (அட்டைத் துண்டுகளை) வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்படித் தமிழில் எழுதி நான்கு பேருக்கு அனுப்பினால் தப்பாகுமா?

ஒரு விளையாட்டை எப்படி ஆடுவது என்ற முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விளக்கி எழுதிய வாசகத்துக்கும் வரைந்த படங்களுக்கும் உண்டு. அதனால் உங்கள் சொந்தச் சொற்களில் சுருக்கம் எழுதிக்கொள்ளலாம். முழுப் புத்தகத்தையும் வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படங்களையும் ஒட்டி அனுப்புவது வேறு விஷயம். விலை போட்டு விற்கிற மின்நூலைத் திருட்டுத்தனமாக இறக்குவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்.

பழைய சதுரங்க நூல்கள் இலவசமாகக் கிடைக்குமா?

தாராளமாக. இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அதன்பின் அந்த நூல் எல்லோருக்கும் பொது.

1921இல் உலக வாகையர் ஆன கியூபா நாட்டுக் கபாபிளாங்கா, அதே ஆண்டில் ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். 1942இல் அவர் காலமானார். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் இலவச மின்நூல் திட்டத்தில் அந்த நூல் இபப் வடிவிலேயே இருக்கிறது. கடைசிக் கட்ட ஆட்டத்திலிருந்து, அதாவது பலகையில் நாலைந்து காய் மட்டும் மிஞ்சியிருக்கும் நிலையிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார். பிள்ளைக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்க நினைக்கிற எந்த அப்பாவும் அம்மாவும் முதல் 20 பக்கமாவது படிக்க வேண்டும்.

எச்.ஜே.ஆர். மர்ரி 1913இல் எழுதிய சதுரங்க வரலாறு இன்னொரு பெரிய புதையல். 900 பக்கத்துக்கு மேல். சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது என்ற முடிவுக்கு ஆதாரங்களை அடுக்கி வந்தவர் அவர். இணைய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் செய்த பிரதி கிடைக்கும். கோப்பு கனமானது, பழைய டேப்லெட் திணறும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. இந்தியச் சதுரங்கம் பற்றிய தொடக்க அதிகாரங்களே பல ஞாயிறுகளுக்குத் தாங்கும்.

தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ‘விளையாட்டு’ என்று தேடிப் பாருங்கள். நாட்டுப்புற விளையாட்டுகளைப் பற்றிப் படிக்க அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கபாபிளாங்கா நூலைத் திறந்தேன், ‘பி-கே4’ என்று ஏதேதோ இருக்கிறது. இ4 எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. அது நகர்த்தல்களை எழுதும் பழைய குறியீட்டு முறை. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் நான்காவது கட்டத்துக்குப் போகிறது என்று பொருள். அந்த முறையில் ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து கட்டத்தை எண்ணுவார்கள். வெள்ளை ‘பி-கே4’ ஆடினால் அது இப்போதைய குறியீட்டில் இ4. கறுப்பு அதையே ஆடினால் இ5. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் வரும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1981இலிருந்து இப்போதைய குறியீட்டை மட்டுமே ஏற்கிறது. அதனால் போட்டிக்குப் போகிற பிள்ளை புதிய முறையில்தான் எழுதிப் பழக வேண்டும். பழைய முறை, படிப்பதற்கு மட்டும்.

சதுரங்கத்தை டேப்லெட் திரையிலேயே ஆடிப் பழகினால் போதுமா?

போதாது. போட்டியில் மரக் காய்தான் முன்னால் இருக்கும். திரையில் மேலிருந்து தட்டையாகப் பார்த்துப் பழகிய கண், மேசைமேல் சாய்வாகப் பார்க்கும்போது மூலையில் நிற்கும் மந்திரியைத் தவறவிடுகிறது. இதை நான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே பார்த்திருக்கிறேன்.

நான் சொல்கிற வழி இது. டேப்லெட்டில் நூல் திறந்திருக்கட்டும். முன்னால் நிஜப் பலகை. ஒவ்வொரு நகர்த்தலையும் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். அடுத்த வரியைப் படிக்கும் முன் ‘நானாக இருந்தால் என்ன ஆடுவேன்’ என்று ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அப்புறம் அந்த ஆட்டத்தை லிச்செஸ் என்ற சதுரங்கத் தளத்தின் ‘ஸ்டடி’ பகுதியில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். 2010இல் தொடங்கிய அந்தத் தளம் முழுவதும் இலவசம், விளம்பரமும் கிடையாது.

ஈரோட்டைச் சேர்ந்த இனியன் 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆன பிறகு எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில்கூடச் சதுரங்க வகுப்பு கேட்டு வருகிறார்கள். பயிற்சியாளர் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு ஒரு டேப்லெட்டும் ஒரு நல்ல நூலும் ஒரு மரப்பலகையும் கொடுத்தால் நல்ல தொடக்கம் கிடைத்துவிடும்.

தாயம் செயலியில் கட்டை நேர்மையாக விழுமா? எனக்கு மட்டும் தாயமே விழமாட்டேன் என்கிறது!

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நம் பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: 0, 1, 2, 3. இரண்டு கட்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம் விழ ஒன்றில் 1, இன்னொன்றில் 0 வர வேண்டும். அது 16இல் 2 தடவை. ஐந்தும் 16இல் 2. ஆறுக்கு இரண்டிலும் 3 விழ வேண்டும், 16இல் 1. பன்னிரண்டுக்கு இரண்டும் வெறுமை, அதுவும் 16இல் 1.

ஆக ஒரு உருட்டில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பத்துத் தடவை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போவது ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு நடக்கும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒருவர் ‘எனக்கு மட்டும்’ என்று புலம்புவது கணக்கின்படியே சரி. செயலியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்த பித்தளைக் கட்டைதான் ஒரு பக்கமாகச் சாயும்.

ஆனாலும் கட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து, ‘தாயம் தாயம்’ என்று கூவி உருட்டுவதில் இருக்கும் சந்தோஷத்தைத் திரையைத் தட்டுவதில் நான் கண்டதில்லை. தாயத்துக்குச் செயலி வேண்டாம் என்பேன்.

பல்லாங்குழி, ஆடுபுலி செயலிகள் எப்படி?

ஆடுபுலிக்குச் செயலி உண்மையிலேயே உதவும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலியைக் கட்டிப்போடும் கலையை எதிராளி இல்லாத நேரத்தில் பழகிக்கொள்ளலாம். முதல் சில ஆடுகளை எங்கே இறக்குவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. செயலியில் ஒரே தொடக்கத்தைப் பத்து முறை திரும்ப ஆடிப் பார்க்க முடிகிறது.

பல்லாங்குழிச் செயலியில் எனக்கு ஒரு மனக்குறை. 14 குழி என்பது பொது. குழிக்கு 5 முத்தா, 6 முத்தா, நடுக் குழிக்கு என்ன, நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று உடனே எடுக்கலாமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். செயலி எழுதியவர் ஏதோ ஒரு முறையை எடுத்து அதை மட்டும் விதியாக்கிவிடுகிறார். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அம்மாயியிடம் போய், ‘நீங்க ஆடுறது தப்புங்க அம்மாயி’ என்கிறார்கள். தப்பு இல்லை கண்ணு, அது வேறு முறை. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் செயலியைக் கொடுங்கள்.

டேப்லெட்டைக் கொடுத்தால் பிள்ளைகள் வீடியோவுக்குத் தாவிவிடுகிறார்களே?

திரையை ஒரே செயலியில் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் ‘ஆப் பின்னிங்’ என்றிருக்கும். ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’. கடவு எண் கேட்கும்படி அமைத்து, விதிப்புத்தகத்தைத் திறந்து பூட்டிவிட்டால் அந்த எண் இல்லாமல் வெளியே வர முடியாது. கூடவே திரை தானாக அணையும் நேரத்தை 10 நிமிடமாக மாற்றிவிடுங்கள். நடு ஆட்டத்தில் அணைந்து அணைந்து உயிரை வாங்காது.

மாதாந்திர மின்தடை நாளில் என்ன செய்வது?

முந்தைய இரவே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். நூல்களை இணையத்தில் பார்க்காமல் டேப்லெட்டிலேயே இறக்கி வைத்திருங்கள். அவ்வளவுதான். நெட்டும் இல்லாமல் டிவியும் இல்லாமல் ஒரு பகல் முழுக்க வீட்டில் எல்லோரும் இருக்கும் அந்த நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி.

பழைய டேப்லெட் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். நான் ஒரு கடையில் பழைய டேப்லெட் வாங்கி இரண்டே மாதத்தில் அதன் முதுகு மூடி மெல்ல மேலெழுந்தது. பேட்டரி உப்பிவிட்டது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, அதன்பிறகு ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது. அதனால் வாங்கும்போதே ஒரு சமமான மேசைமேல் மல்லாக்க வைத்து அசைகிறதா என்று பாருங்கள். ஒரு செயலிப் படத்தை விரலால் பிடித்துத் திரை முழுக்க இழுத்துப் பாருங்கள்; எங்காவது விட்டுப்போனால் அந்த இடத்தில் தொடுதிரை செத்துவிட்டது. 64 ஜிபி இடம் நூற்றுக்கணக்கான விதிப்புத்தகங்களுக்குப் போதும். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், புதியதும் கெட்டுப்போகும்.

தமிழ்ப் பிடிஎஃப் சிலவற்றில் சொல்லைத் தேடினால் வருவதே இல்லை. ஏன்?

ஒன்று, அது ஸ்கேன் செய்த படமாக இருக்கும். அல்லது யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். நீங்கள் எழுதும் சுருக்கத்தை யூனிகோடில் அடித்துவிடுங்கள், தேடினால் கிடைக்கும்.

எங்கள் அம்மாயிக்குப் பழைய பல்லாங்குழி முறை தெரியும். அதை மின்நூலாக்க முடியுங்களா? அவருக்கு டேப்லெட் பிடிக்கவே தெரியாது.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். அவர் டேப்லெட்டைப் பிடிக்க வேண்டாம். நீங்கள் பிடியுங்கள். ‘விதியைச் சொல்லுங்க’ என்று கேட்டால் பெரியவர்கள், ‘அதென்னத்த சொல்றது சாமி’ என்று சிரித்துவிடுவார்கள். புளியங்கொட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, கூட உட்கார்ந்து ஆடுங்கள். இன்னொருவர் டேப்லெட்டை மேலிருந்து பிடித்து வீடியோ எடுக்கட்டும். முகம் வேண்டாம், கையும் குழியும் தெரிந்தால் போதும். முழுதாக இரண்டு ஆட்டம்.

அவர் வாயில் வரும் சொல் எதையும் மாற்றாதீர்கள். குழியைத் துடைத்து எடுப்பதற்கு, முத்து தீர்ந்துபோவதற்கு, தோற்றவர் நிரப்ப முடியாத குழியைக் குச்சி வைத்து அடைப்பதற்கு எல்லாம் அவரிடம் ஒரு சொல் இருக்கும். அது அகராதியில் இல்லாமல் போகலாம். அதை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் பொருளைச் சொல்லுங்கள். இடையில் நீங்கள் தப்பாக ஆடிப் பாருங்கள். ‘அப்படி வைக்கக்கூடாது’ என்று அவர் தடுக்கும்போதுதான் சொல்லாமல் விட்ட விதிகள் வெளியே வரும்.

பிறகு எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். கூகுள் டாக்ஸில் அடித்திருந்தால் அதிலிருந்தே இபப் ஆக இறக்கிக்கொள்ளலாம், தனியாக எதுவும் வேண்டாம். நான்கு பக்கம் வந்தாலே நூல்தான். முதல் பக்கத்தில் எந்த ஊர், அவர் யாரிடம் கற்றார், எந்த வயதில் ஆடினார், எந்த ஆண்டு பதிந்தீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டு நூலின் முதல் பக்கத்தில், அம்மாயி தன் அம்மாயியிடம் கற்ற முறை என்று இருக்கிறது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது அவர்தான்.